முன்னியின் சாயங்கால ஜெபம்

செஞ்சி,
30-3-1966

கர்த்தருக்குள் என் பிரியமான நவமணிக்கு,

கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் உன்னையும் உன் வீட்டாரையும் அவர் தம் கண்முன் வைத்துக்கொள்வாராக. பரிபூரணம் எழுதுகிறேன்.

இன்று காலை கண் விழித்ததும் நான் செய்த முதல் வேலை முன்னிக்கு நகம் வெட்டியது. முகம் கழுவவில்லை, ஜெபம் பண்ணவில்லை, பால்காரிக்குச் செம்பு எடுத்து வைக்கவில்லை. விழித்திருக்கும்போது அவள் நகத்தைத் தொட விடமாட்டாள். காலை மடக்கிக்கொண்டு கூச்சல் போடுவாள். அதனால் தூக்கத்திலேயே, பாயோடு ஜன்னல் பக்கம் இழுத்து, பிளேடால் ஒவ்வொரு விரலாக வெட்டினேன். சுண்டுவிரல் நகம் அரிசிக் குருணை அளவுதான். எல்லாவற்றையும் உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டு, எங்கே போடுவது என்று தெரியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

முன்னி யார் என்று கேட்பாய். நான் வளர்க்கிற பிள்ளை, விவரம் பிறகு சொல்கிறேன். என் வீட்டுக்காரர் போனதை உனக்கு எழுதினேன். அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ் அட்டைக்கு மேல் ஒன்றும் எழுதவில்லை. மன்னித்துக்கொள். நீ தை மாதம் எழுதிய கடிதம் என் வேதபுத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது. எத்தியோப்பியாவில் தமிழில் ஜெபம் பண்ண உனக்குத் துணை ஒருவரும் இல்லை, இங்கிலீஷில் ஜெபித்தால் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரிடம் லீவு கேட்பது போல இருக்கிறது என்று எழுதியிருந்தாய். வாய்விட்டுச் சிரித்தேன். கடைசியில், "கர்த்தர் உன்னை எப்படி ஆறுதல்படுத்திக்கொண்டு வருகிறார் என்று விவரமாக எழுது, எனக்கும் பிரயோஜனமாயிருக்கும்" என்று கேட்டிருந்தாய். அந்த ஒரு வரிக்குப் பதில் தெரியாமல்தான் இத்தனை நாள் போயிற்று. பட்டணத்தில் ஹாஸ்டல் மாடியில் நாம் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டோமே, உண்மையாக இல்லாவிட்டால் ஒருவருக்கொருவர் 'அவர் கிருபையால் நலம்' என்று எழுதக்கூடாதென்று. அதனால் இந்தக் கடிதத்தில் அதை எழுதவில்லை.

ஊர்ச் செய்தி கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மழை பொய்த்துவிட்டது. வல்லம் பக்கம் மல்லாட்டை என்கிற நிலக்கடலைச் செடி பூவோடு கருகி, காய் பிடிக்கவில்லை. ரேஷன் அரிசியில் கல் பொறுக்குவதே ஒரு வேலை. பங்குனி பாதி ஆவதற்குள் மலைப் பாறைகள் பகலெல்லாம் குடித்த வெயிலை விளக்கு வைக்கும் நேரத்தில் தெருவுக்குள் விடுகின்றன. எங்கள் பெண்கள் பள்ளியில் பரீட்சை நடக்கிறது. எட்டாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் சாப்பிடாமல் வந்து எழுதுகிறார்கள். எழுதும்போதே தலை சாய்ந்துவிடுகிறது. நான் பார்க்காதது போல நடக்கிறேன்.

பிடியரிசி உனக்கு ஞாபகம் இருக்கும். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துக் கோயிலுக்கென்று தனிப் பானையில் போட்டு, மாதத்தின் முதல் ஞாயிறு கொண்டுபோய்க் கொட்டுவோமே, அதை இந்தப் பஞ்சத்திலும் எங்கள் பெண்கள் சங்கம் விடவில்லை. விட்டுவிடலாமா என்று கேட்டவள் நான்தான். எதிர்வீட்டு ரத்தினம்மாள் தையல் மிஷின் வைத்துப் பிழைக்கிற விதவை. அவள் நாக்கும் அந்த மிஷின் மாதிரிதான் ஓடும். "உடுவானேன் பரிபூரணம்? இனிமே உங்க ஊட்டுப் பொண்ணு கையால அள்ளிப் போடச் சொல்லு. சின்னக் கை. சாமி அளந்தா பாக்கப் போறாரு" என்றாள். அன்றிலிருந்து முன்னிதான் அள்ளுகிறாள். அள்ளி முடித்ததும், "இயேசு சாமிக்குக் கல்லு பொறுக்கினியாம்மா?" என்று கேட்பாள். பொறுக்கினேன் என்று சொல்லும்வரை கையைத் திறக்கமாட்டாள்.

நீ கேட்ட ஆறுதல் இதுதான் நவமணி. இதற்குமேல் பெரிதாக ஒன்றும் என்னிடம் இல்லை. என் வீட்டுக்காரர் போன பிறகு முழங்காலில் நின்றால் எனக்குச் சொற்கள் வந்ததில்லை, சிமெண்ட் தரையின் குளிர்ச்சிதான் தெரிந்தது. கோயிலில் கீர்த்தனை பாடும்போது உதடு அசைப்பேன். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் என்னை ஜெபிக்கச் சொன்னால், பழகிய வார்த்தைகளைப் பாத்திரம் அடுக்குவது போல அடுக்கிவிட்டு உட்காருவேன். நன்றாக ஜெபித்தீர்கள் டீச்சர் என்பார்கள். ஆனால் இந்தப் பிள்ளை சோற்றுக்கு முன் கண்ணை மூடிக்கொண்டு, மூடின கண்ணோடு குழம்பு வாசனை பிடித்து, "முருங்கைக்காய்க்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லும்போது, அந்த ஸ்தோத்திரத்தில் நானும் ஒட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடுவேன். அவளுடைய விசுவாசத்தின் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் நடந்தேன்.

அவள் எப்படி என்னிடம் வந்தாள் என்று சொல்கிறேன். அவளுடைய தாய் ஹுசைன் பீ என் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் குடியிருந்தாள். புருஷன் சாந்த் பாஷா லாரி ஓட்டினார். பிள்ளைக்கு ஒரு வயது நிறையுமுன் ஹுசைன் பீ விஷக்காய்ச்சலில் போய்விட்டாள். அடக்கம் முடிந்த மறுநாள் அவர் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். அவருடைய அண்ணன் அமீர் ஜான் கடைத்தெருவில் தகரப் பெட்டியும் விளக்கும் செய்கிறவர். அவர் வீட்டிலேயே கைப்பிள்ளைகள், அவர் மனைவியும் அப்போது படுக்கையில் கிடந்தாள். "ஒரே ஒரு நடை பம்பாய் போயிட்டு வந்துடறேன் டீச்சரம்மா. அதுவரைக்கும் பாத்துக்குங்க. உங்க ஊட்லதான் அழாம இருக்குது" என்றார். என் வீட்டுக்காரர் போய் அப்போது வருஷம்கூடத் திரும்பவில்லை. வீட்டுக்குள் என்னைத் தவிர வேறு யாராவது அழுதால் நன்றாயிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம். வாங்கிக்கொண்டேன்.

அவர் திரும்பவில்லை. சித்ரதுர்க்கா பக்கம் லாரி கவிழ்ந்து ஆள் போய்விட்டார் என்று கிளீனர் ஒருவன் சொன்னதாகச் செய்தி வந்தது. அமீர் ஜான் பள்ளிவாசலில் தம்பிக்காகத் தொழுகை வைத்தார். பிறகு என்னிடம் வந்து, "நீங்களே வளத்துக்குங்க டீச்சரம்மா, எங்களுக்கு வருத்தம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒவ்வொரு ரம்ஜானுக்கும் பிள்ளைக்குச் சட்டைத் துணி கொண்டுவந்து கொடுப்பார். வேறு ஒன்றும் கேட்டதில்லை.

சபையில் கேட்டார்கள். பிள்ளைக்கு எப்போது ஞானஸ்நானம், எப்போது பெயர் என்று. நான் தள்ளிப்போட்டேன். செத்தவரைக் கண்ணால் கண்டவர் யாரும் இல்லையே என்று ஒரு தயக்கம். எங்கள் போதகர் ஐயர் இளம் வயது, பொறுமையானவர், அவசரப்படுத்தவில்லை. ஆனால் வருகிற ஜூனில் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். ஒரு பெயர் வேண்டும், ஒரு வீடு வேண்டும். ஈஸ்டர் காலை ஆராதனையில் ஞானஸ்நானம் என்று தையிலேயே நிச்சயம் செய்தோம். ரத்தினம்மாள் வெள்ளைச் சட்டை தைக்கத் தானாகவே முன்வந்தாள். பெயர் லீதியாள். பிறந்து நாற்பது நாள் நிறையாமல் போன என் மகளுக்கு நாங்கள் வைத்த பெயர். கல்லறைத் தோட்டத்தில் அந்தச் சின்னக் கல்லில் இருக்கிறதே, அதேதான். அதே பெயர் வேண்டுமா என்று ஐயர் தயங்கிக் கேட்டார். வேண்டும் என்றேன். சரியில்லை என்று எனக்கே தெரியும். ஆனாலும் அந்தப் பெயரை ஒரு தரமாவது வாய்விட்டுக் கூப்பிட்டு, ஒரு பிள்ளை ஓடிவருவதைப் பார்க்க ஆசைப்பட்டேன். ஒரு நாள் வீட்டுக்குள் கூப்பிட்டும் பார்த்தேன். முன்னி திரும்பிப் பார்க்கவில்லை.

போன வாரம் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தெருவில் கட்டை ஊன்றும் சத்தம் வந்து என் வாசலில் நின்றது. பார்த்தால் சாந்த் பாஷா. வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. கக்கத்தில் கட்டை. தாடி பாதி நரைத்திருந்தது. செத்துப்போனார் என்று நினைத்த ஒருவர் உயிரோடு வந்து நின்றால் சந்தோஷப்பட வேண்டும். நம்முடைய விசுவாசமே அப்படி ஒரு காலையில்தானே தொடங்குகிறது. நான் முதலில் திரும்பிப் பார்த்தது முன்னி எங்கே நிற்கிறாள் என்றுதான்.

நாற்காலி போட்டேன். உட்காரவில்லை, தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார். லாரி கவிழ்ந்து, ஹூப்ளியில் ஆஸ்பத்திரியில் பல மாதம் கிடந்து, கால் போய், பிழைப்பு போய், பெங்களூரில் ஒரு மோட்டார் ஷெட்டில் உட்கார்ந்தபடியே செய்கிற வேலை கிடைத்து, இப்போது அந்த ஷெட்காரர் மகள் மெஹர் பானுவை நிக்காஹ் செய்துகொண்டிருக்கிறார். ஏன் ஒரு கடுதாசிகூடப் போடவில்லை என்று கேட்டேன். என் குரல் கடுமையாகத்தான் வந்தது. "வெக்கமா இருந்துச்சு டீச்சரம்மா. முழு ஆளா உட்டுட்டுப் போனேன், அரை ஆளா எப்படித் திரும்பறது? செத்துட்டான்னு சொல்றாங்கன்னு கேள்விப்பட்டேன். சரி, அப்படியே இருக்கட்டும்னு உட்டுட்டேன். மெஹர் பானுதான் உடவே இல்ல. புள்ள இருக்குதுன்னு தெரிஞ்சதும் போய்ப் பாத்துட்டு வான்னு தினம் ஒரே பாட்டு" என்றார்.

முன்னி என் முதுகுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று நான் பழக்கியிருக்கிறேன். உள்ளே போய், பாதி சிந்திப் பாதி டம்ளரோடு வந்தாள். கொடுத்துவிட்டு அங்கேயே நின்று, "உன் காலு எங்க?" என்று கேட்டாள். "பம்பாய் ரோட்ல உட்டுட்டு வந்துட்டேன் கண்ணு" என்றார். "தேடலியா?" என்றாள். "தேடினேன். காலு கெடைக்கல, கட்டைதான் கெடைச்சுது" என்றார். அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். இரண்டு பேருக்கும் இடது கன்னத்தில் ஒரே இடத்தில் குழி விழுந்தது. அது ஹுசைன் பீயின் குழி என்றுதான் நான் இதுவரை நினைத்திருந்தேன்.

அவர் யார் என்று நான் பிள்ளைக்குச் சொல்லவில்லை. சொல்லுங்களேன் என்று அவர் கண் என்னைக் கேட்டது. நான் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

போகும்போது வாசற்படியில் நின்று சொன்னார். "நான் புள்ளையக் கேக்கறதுக்கு வரல டீச்சரம்மா. கேக்கறதுக்கு எனக்கு இன்னா மூஞ்சி இருக்குது? பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன். பாத்ததும் கேக்கணும்னு தோணுது. பக்ரீத் வரைக்கும் அண்ணன் ஊட்லதான் இருப்பேன். அது முடிஞ்சதும் ஒருக்கா வரேன். நீங்க இன்னா சொல்றீங்களோ அதுதான். உட மாட்டேன்னு சொன்னாலும் உங்க மேல எனக்குக் கோபம் வராது." அவர் சண்டை போட்டிருந்தால், வழக்குக்குப் போவேன் என்று மிரட்டியிருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாயிருந்திருக்கும். தீர்ப்பை என் மடியில் வைத்துவிட்டுக் கட்டையை ஊன்றிக்கொண்டு போய்விட்டார்.

விஷயம் ஒரு நாளில் சபை முழுக்கப் பரவிவிட்டது. ரத்தினம்மாள் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். "நாலு வருஷமா மூக்கு சிந்தி உட்டவ நீ. மூக்கு எப்படி இருக்குதுன்னு பாக்க இப்பத்தான் வழி தெரிஞ்சுதா அந்த மனுஷனுக்கு?" என்றாள். எனக்காகத்தான் பேசினாள். கேட்க இதமாயிருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

மறுநாள் சபை மூப்பர் பொன்னுசாமி, போதகர் ஐயரையும் அழைத்துக்கொண்டு வந்தார். ரிஜிஸ்டர் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் முடிச்சுப் போட்டுவிட வேண்டும் அவருக்கு. "உங்க இஷ்டம்னு அவரே சொல்லிட்டாரு. அப்புறம் ஈஸ்டர் வரைக்கும் காத்திருப்பானேன் டீச்சர்? வியாழக்கிழமை சாயங்காலம் லெந்து ஆராதனையிலேயே ஞானஸ்நானத்தை முடிச்சுடலாம். பக்ரீத் கழிச்சு அவர் வரும்போது காரியம் ஆயிருக்கும். ஞானஸ்நானம் ஆன புள்ளைய அவர் கேக்க மாட்டாரு. கேட்டாலும் அவங்க ஜனங்க ஊட்ல சேத்துக்க யோசிப்பாங்க" என்றார். அந்தக் கடைசி வார்த்தை அதற்கு முந்தின இரவிலிருந்தே என் மனதுக்குள் இருந்தது. இன்னொருவர் வாயில் கேட்டபோதுதான் அது எப்படிப்பட்ட வார்த்தை என்று தெரிந்தது. தண்ணீரை நெற்றியில் தெளிப்பது கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதற்காக.

ஐயர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். "உங்க மனசுக்குச் சமாதானமா இருக்குதாம்மா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். இருக்கிறது என்று பொய் சொன்னேன். அவளுடைய ஆத்துமாவை நினைத்துத்தான் என்றேன். அது முழுப் பொய் இல்லை. அந்த வீட்டுக்குப் போனால் நான் சொல்லிக்கொடுத்த ஒன்றும் அவளுக்கு நிற்காது என்ற பயம் எனக்கு நிஜமாகவே உண்டு. ஆனால் அந்தப் பயத்துக்குப் பின்னால் மறைந்து நின்றவள் நான்தான். வெறும் வீட்டில் ஒற்றைத் தட்டு கழுவப்போகிறவள்.

நாளைதான் அந்த வியாழக்கிழமை.

இனி நேற்று நடந்ததைச் சொல்கிறேன். இதை எழுதத்தான் இந்தக் கடிதமே.

விளக்கு ஏற்றியதும் நாங்கள் இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்து ஜெபம் செய்வது வழக்கம். முதலில் நான், பிறகு அவள். அவளுடைய ஜெபம் பேச்சு வந்த நாளிலிருந்து ஒன்றுதான், நான் சொல்லிக்கொடுத்தது. "இயேசு சாமி, அம்மாவைக் காப்பாத்து. ரத்தினம்மா அத்தையைக் காப்பாத்து. நைனாவை சுகமா கூட்டிட்டு வா. ஆமென்." நடுவில் பால்காரியின் எருமையை அவளாகச் சேர்த்துக்கொண்டாள். தகப்பனைப் பற்றிய அந்த நைனா வரியைச் சேர்த்தது நான்தான். தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் நைனா இருக்கிறார்கள், எனக்கு எங்கே என்று அவள் கேட்டபோது, செத்துப்போனார் என்று சொல்ல வாய் வரவில்லை. வெளியூர் போயிருக்கிறார், நல்லபடியாக வரவேண்டும் என்று சாமியிடம் கேள் என்று சொல்லிவைத்தேன். பிள்ளையைத் தேற்ற ஒரு வார்த்தை, அவ்வளவுதான். நான் அதை நம்பினேனா? ஒரு நாளும் நம்பவில்லை. வரப்போவதில்லை என்பது உறுதியாகத் தெரிந்ததால்தான் அவ்வளவு சுலபமாகச் சொல்லிக்கொடுத்தேன். அவள் ஒவ்வொரு சாயங்காலமும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆமென் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் வந்து போன பிறகும் அதே ஜெபத்தைத்தான் செய்தாள். அவளுக்கு அவர் கட்டைக்கால் மாமா. ஆனால் நேற்று மத்தியானம் சட்டைக்கு அளவெடுக்கும்போது ரத்தினம்மாள், "அசையாம நில்லுடி, உங்க நைனா வந்து குதிச்சுட்டாரு, அதான் அவசரமா தைக்கறேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். யார் என்று முன்னி கேட்டதற்கு, அந்தக் கட்டைக்கால் மாமாதான் என்றும் சொல்லியிருக்கிறாள். எனக்கு அது தெரியாது.

சாயங்காலம் ஜெபத்தில் எருமை வரைக்கும் வந்தாள். நின்றுவிட்டாள். ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "அம்மா, நைனாதான் வந்துட்டாரே. கட்டைக்கால் மாமாதான் நைனாவாம். இனிமே இன்னா கேக்கறது?" என்றாள்.

நவமணி, நான் பி.ஏ. படித்தவள். வேதபாடப் பரீட்சையில் பரிசு வாங்கியவள். ஓய்வுநாள் பள்ளியில் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கேட்டவுடன் பதில் சொல்லியிருக்கிறேன். நேற்று விளக்குத் திரியை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். கடைசியில், கேட்டது கிடைத்துவிட்டால் நன்றி சொல்ல வேண்டும் என்றேன். உடனே கண்ணை மூடிக்கொண்டு, "நைனாவை கூட்டியாந்ததுக்கு ஸ்தோத்திரம் சாமி. ஒரு காலு இல்ல, பரவால்ல" என்றாள். பிறகு, "நீயும் சொல்லும்மா" என்றாள். என்னால் முடியவில்லை. அவள் காத்திருந்து பார்த்தாள். பிறகு எனக்கும் சேர்த்து அவளே, "அம்மாவும் சொல்லிட்டாங்க சாமி, ஆமென்" என்று முடித்துவிட்டு விளையாடப் போனாள்.

நான் பாயிலேயே உட்கார்ந்திருந்தேன். லீதியாளுக்காக நான் கேட்டது உனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்காக ஆஸ்பத்திரித் தரையில் கிடந்து கேட்டதும் தெரியும். நம்பிக் கேட்டவை அத்தனையும் போயின. நம்பாமல், ஒரு பிள்ளையின் அழுகையை நிறுத்துவதற்காகச் சொல்லிவைத்த ஒரு வரியை மட்டும் கர்த்தர் எடுத்துவைத்து, செத்தவர் என்று தொழுகை வைத்த மனிதரை ஒற்றைக் காலோடு என் வாசலுக்கு நடத்திக்கொண்டு வந்திருக்கிறார். இதை நான் எப்படி வாங்கிக்கொள்வது? அவர் கேட்கிறார் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி எனக்குக் கிடைக்கப்போவதில்லை. அதுவே என்னைத் தரையோடு தேய்க்கிறது. கர்த்தரே இல்லை என்று ஆகிவிட்டால்கூட இவ்வளவு தனியாக இருக்கமாட்டேன் போல இருக்கிறது.

சாட்சி சொல்லும்போது நம் பெண்கள், முடிவில் சமாதானம் வந்தது என்று சொல்வார்கள். எனக்கு வரவில்லை. இன்று காலை வேதத்தைத் திறந்தேன், எழுத்து மட்டும்தான் தெரிந்தது, மூடிவிட்டேன். பள்ளிக்கு லீவு சொல்லி அனுப்பினேன். அவளுடைய சட்டைகளைத் துவைத்துப் போட்டேன். வெயிலில் உடனே காய்ந்துவிட்டன. தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டினேன். இப்போது அவள் சட்டை முடிந்துவிட்டதா என்று பார்க்க ரத்தினம்மாள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். மிஷின் சத்தம் இங்கே கேட்கிறது. அந்தச் சத்தம் நிற்பதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. நாளை அவள் நெற்றியில் தண்ணீர் விழுந்தால், அவள் கேட்டுக் கிடைத்ததை நான் அவளிடமிருந்து திருடினவள் ஆவேன், அதுவும் கர்த்தர் பெயராலேயே. பெரியவளாகி ஒரு நாள் அவள் அதைக் கண்டுபிடிப்பாள். அதற்குப் பிறகு அவள் எந்தச் சாமியிடமும் ஒன்றும் கேட்கமாட்டாள். அவள் ஆத்துமாவுக்கு என்ன ஆகும் என்று மூப்பர் கேட்பார். இந்த வீட்டுப் பாயில் உட்கார்ந்த பிள்ளையின் குரல் கர்த்தருக்குக் கேட்டதே, பெங்களூர் எட்டாதா என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். பாதி நம்புகிறேன். மீதிப் பாதியோடு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அதனால் இன்று சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவில் அமீர் ஜான் வீட்டுக்கு நானே போகப்போகிறேன். சாந்த் பாஷா வந்து கேட்கட்டும் என்று காத்திருக்கப்போவதில்லை. அவர் முன்னால் அவளை நிறுத்தி, இவர்தான் உன் நைனா என்று என் வாயால் சொல்லப்போகிறேன். அவளுடைய பக்ரீத் அங்கேதான். பிறகு அவரோடு பெங்களூர் போவாள். இதை ஐயருக்குச் சொல்லவில்லை, ரத்தினம்மாளுக்குச் சொல்லவில்லை, முன்னிக்கும் இன்னும் சொல்லவில்லை.

எனக்காக என்ன கேட்பதென்று எனக்கே தெரியாது, அதனால் என்னை விட்டுவிடு. நீ தனியாகத் தமிழில் ஜெபிக்கும்போது மெஹர் பானு என்ற பெயரை மட்டும் சேர்த்துக்கொள். நான் அவளைப் பார்த்ததில்லை. நல்லவளாகத்தான் இருக்க வேண்டும். முன்னி தூக்கத்தில் பாயை விட்டு உருண்டு சுவரோரம் போய்விடுவாள், தேடி எடுத்துப் போர்த்த வேண்டும். மழைக்காலத்தில் காது வலிக்கும், சொல்லத் தெரியாமல் கோபப்படுவாள், அடித்துவிடக்கூடாது. மெஹர் பானுவுக்கு அதெல்லாம் போகப்போகத் தெரியும்படி கேட்டுக்கொள். சீக்கிரம் தெரியும்படி கேள்.

உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் ஒரு குறையும் வராதிருப்பதாக.

என்றும் உன் அன்புள்ள,
பரிபூரணம்